நகராத நரி

பூட்ஸ் போட்டு முடித்ததும் விரலை நாக்கில் தொட்டுக் காற்றில் நீட்டுவார். ஈரம் எந்தப் பக்கம் சில்லென்கிறது என்று பார்த்து, தன் வாடை நரிக்குப் போகாத வழியாக நடப்பார். வீட்டு வாசலிலும் அதே பழக்கம்தான். "குழம்பு வாசம் எந்தப் பக்கம்னு பாக்குறீங்களா?" என்பார் மனைவி.

விலங்கு ஆய்வு நிலையத்தில் அவருக்கு 'நரியார்' என்று பெயர். கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டிய ஆறு நரிகள் எங்கே திரிகின்றன என்று கருவியில் கேட்டு எழுதுவது வேலை. இணைசேரும் பருவம் வந்தால் அவருக்குக் கல்யாண வீட்டுப் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். "ரெண்டும் ஒட்டிக்கிட்டே அலையுதுங்க. புது மாப்பிள்ளைக்குக் கால் தரையில படல!" என்பார்.

பேறு நெருங்கினால் பெண்நரி வளைக்குள் அடங்கிவிடும். ஆண்தான் இரை கொண்டுவரும். இந்த வருடம் அந்த ஆறில் காது கிழிந்தவள் ஒரே இடத்தில் நின்றுவிட்டதாகக் கருவி சொன்னது. ஆண் அங்கே போவதும் வருவதுமாக இருந்தது. இரண்டாம் நாளே 'குட்டி போட்டாயிற்று' என்று எழுதிவிட்டார். எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

"நேர்ல பாத்தீங்களாண்ணே?" என்றார் கால்நடை டாக்டரம்மா.

"பச்ச உடம்புக்காரி வாசல்ல போய் நிக்கச் சொல்றியாம்மா? ஆள் வாடை பட்டா குட்டியத் தூக்கிட்டு ஓடிரும்."

அது உண்மை. அன்று மழை, முழங்கால் வலி என்பதும் உண்மை. எதிர்மேட்டில் நின்று பைனாகுலரில் பார்த்திருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் காலை தோட்டக் காவலாளி அவள் உடலைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அவள் நின்ற இடத்தில் வளையே இல்லை. வேலியடியில் முயலுக்கு வைத்த கம்பிக் கண்ணி இடுப்பில் இறுகியிருந்தது. குட்டிகள் வயிற்றிலேயே இருந்தன.

"யாரா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பாங்க" என்றார் மேலதிகாரி. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நரியார் நிமிர்ந்து நின்றிருப்பார். இப்போது டீ நேரத்தில் கருவியைத் துடைக்கிற சாக்கில் வெளியே போய்விடுகிறார்.

"மாட்டுன அன்னிக்கே உயிர் போயிருக்கும்ணே. நீங்க போயிருந்தாலும் பிரயோஜனமில்ல" என்றார் டாக்டரம்மா. நரியார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மனைவியிடமும் அப்படியே சொன்னார்.

மாதம் ஒன்று கழித்து, நிலைய அலமாரியில் வேறெதையோ தேடும்போது டாக்டரம்மாவின் பரிசோதனை அறிக்கை கையில் அகப்பட்டது. நின்றபடியே படித்தார். கொண்டுவந்தபோது அவள் இறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. இரைப்பையில் செரிக்காத எலிக்கறி. ஆண் கொண்டுபோய்ப் போட்டதை நான்காம் நாள் வரைக்கும் தின்றிருக்கிறாள்.