செண்பகம் பேரில் நிற்கும் என் தப்பு

செண்பகத்திடம் ஒரு சந்தேகம் கேட்டு அனுப்பியிருந்தேன். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைத் தொந்தரவு செய்யலாமா என்று வீட்டில் திட்டினார்கள். கேட்காவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார் என்பது எனக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை காலை அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததும் பதில்தான் என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். பேசியது அவர் கணவர் குமார். "அண்ணே, செண்பகம் போயிட்டா" என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று தெரிந்ததையே திரும்பக் கேட்டேன்.

குத்துக்கல்வலசையில் எங்கள் சிறிய கம்பெனியைத் தெரிந்த உங்களுக்குச் செண்பகத்தையும் தெரியும். வயல் மோட்டாரைப் போனிலிருந்து இயக்கும் பெட்டி செய்கிறோம். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். விவசாயி குறுஞ்செய்தி அனுப்பினால் மோட்டார் ஓடும், சொன்ன நேரத்தில் நிற்கும். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ப்ரோக்ராம் முழுக்கச் செண்பகம் எழுதியது. அதில் நடந்த ஒரே பெரிய தப்பு இன்றுவரை அவர் பேரில் நிற்கிறது. அதைச் செய்தவன் நான். துக்க வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

பெட்டியில் இருக்கும் சிப்பில் ப்ரோக்ராமுக்கு முப்பத்திரண்டு கிலோபைட்தான் இடம். போனில் எடுக்கும் ஒரு செல்ஃபியே அதைப்போலப் பல மடங்கு இருக்கும். அந்த இடுக்குக்குள் செண்பகம் வரிக்கு வரி சோதனை வைத்திருந்தார். வருகிற செய்தி, அதற்கு ஒதுக்கிய இடத்தைவிட நீளமாக இருந்தால் உள்ளே விடாது. இடம் போகிறதே என்று எனக்கு வயிற்றெரிச்சல்.

"விவசாயி ஆன், ஆஃப்னு அனுப்பப் போறாரு. வேற யாருக்கு அந்த நம்பர் தெரியும்? இதுக்குப் போய் எதுக்கு இத்தனை காவல்?" என்பேன்.

"எனக்குத் தெரியலண்ணே. தெரியாததுனாலதான் அளந்து பார்க்கச் சொல்லுதேன்" என்பார்.

மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தினமும் கணக்குச் சொல்லும் வசதி வேண்டும் என டீலர்கள் கேட்டார்கள். அதைச் சேர்த்தால் சிப்பில் கொள்ளவில்லை. அருவி சீசனுக்கு வந்த சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு செண்பகம் ஐந்தருவிக்குப் போயிருந்த நாளில், சோதனைகள் எல்லாவற்றையும் ஒரே வரியில் அணைத்தேன். ப்ரோக்ராம் கச்சிதமாக உள்ளே போய் உட்கார்ந்தது. பெட்டிகளை அனுப்பிவிட்டு, அவரிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

வந்தது பொங்கல். ஆய்க்குடி சுடலைமுத்து அண்ணாச்சியின் மருமகன், குடும்பத்தில் இருக்கிற நம்பர்களுக்கெல்லாம் தமிழில் நீளமாக ஒரு வாழ்த்து அனுப்பினார். மாமனார் மோட்டாரின் நம்பரும் அந்த வரிசையில் இருந்தது. மோட்டாரை எப்போது நிறுத்துவது என்று குறித்து வைத்திருந்த இடத்தில், தன் இடம் கொள்ளாமல் வழிந்த வாழ்த்து போய் உட்கார்ந்துகொண்டது. கிணற்றில் அன்றைக்கு ஊறிய தண்ணீர் தீர்ந்த பிறகும் மோட்டார் ஓடி, உள்ளே காயில் கம்பி கருகிவிட்டது. பிசானப் பருவ நெற்பயிர் கதிர் விடும் சமயம் அது. தண்ணீர் இல்லாவிட்டால் அவ்வளவும் பதராகிவிடும்.

செண்பகமும் நானும் வேறு மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். "தப்பு எங்களோடது அண்ணாச்சி" என்று செண்பகம் முன்னால் போய்ச் சொன்னார். ப்ரோக்ராம் எழுதுவது அவர்தான் என்று சுடலைமுத்து அண்ணாச்சிக்குத் தெரியும். நான் குனிந்து ஒயரை மாட்டிக்கொண்டிருந்தேன். பயிர் பிழைத்தது.

திரும்பி வரும்போது செண்பகம் கேட்டார். "அணைச்சது நீங்கதான?"

"ஆமா."

"எங்கிட்ட கேட்டிருந்தா எடம் எடுத்துத் தந்திருப்பேன்லா?"

அப்படியே எடுத்தும் தந்தார். ஒவ்வொரு சோதனையும் தோற்றால் சொல்வதற்கென்று ஒரு நீள வாக்கியம் எழுதி வைத்திருந்தோம். பாதி இடத்தை விழுங்கியது அதுதான். வாக்கியத்துக்குப் பதில் வெறும் எண் என்று மாற்றினார். தான் வைத்த சோதனைகளில் பலவற்றைத் தானே எடுத்தார். "வெளியாள் பேச்சு உள்ள வாற எடத்துல மட்டும் கண்டிப்பா வேணும். நாமளே எண்ணி வச்சதைத் திரும்பத் திரும்ப எண்ண வேண்டாம். அது என் தப்பு" என்றார். சோதனை தோற்றால் முதலில் மோட்டாரை நிறுத்த வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்று முடிவு செய்தோம். டீலர்கள் கேட்ட வசதியும் உள்ளே இருந்தது. நூற்றுச் சொச்சம் பைட் மிச்சமும் இருந்தது. அதைப் பார்த்து இருவரும் பிள்ளைகளைப் போலச் சிரித்தோம்.

துக்கத்துக்குச் சுடலைமுத்து அண்ணாச்சியும் வந்திருந்தார். குமாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு பண்ணுனாலும் நேரா வந்து ஒத்துக்கிட்ட பிள்ளைய்யா அவ" என்று அழுதார். பக்கத்தில் நின்ற நான் தரையைப் பார்த்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

போன வாரம் ஆய்க்குடிக்குப் போய் அவரிடம் உள்ளதைச் சொன்னேன். வரப்பில் நின்றபடியே, "இப்ப அந்தச் சோதனை பெட்டில இருக்குல்லா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப சரி வே. குமாருகிட்ட போய்ச் சொல்லும் மொதல்ல" என்று அனுப்பிவிட்டார்.

குமார் என்னை முழுதாகச் சொல்ல விடவில்லை. "தெரியும்ணே. அன்னைக்கே வந்து சொல்லிட்டா" என்றார்.

"கோபப்பட்டாங்களா?"

"முதல்ல நல்லாத் திட்டினா. அப்புறம், 'அண்ணன் இனிமே எங்கிட்ட கேக்காம எதையும் அணைக்க மாட்டாங்க'ன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டா."

செண்பகத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த ஒரு பேச்சைத்தான். அதற்குப் பிறகு நான் எதையும் கேட்காமல் அணைத்ததில்லை. இனிக் கேட்பதற்கு அவர் இல்லை. அதனால் அணைக்கவும் மாட்டேன்.