மிளகாய்த் தூசி

ராமநாதபுரத்தில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தபோது, நயினார்கோவில் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். பாலிடெக்னிக் படிக்கும் மகள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிக் கொடுத்த, சூடு தணிக்கும் தகடுகள் கொண்ட ஹீட்சிங்க்கை, அதன் ஃபேனோடு துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

"இரைச்சல் தாங்கல தம்பி. சத்தமில்லாம, விலை கம்மியா ஒண்ணு குடுங்க."

புது ஹீட்சிங்க்கோடு ஓடவிட்டுக் காட்டிய ஒவ்வொரு ஃபேனையும் காதருகே பிடித்து, கண்ணை மூடிக் கேட்டார். சத்தமில்லாதது விலை கூடுதல். தயங்கினார்.

"பழசத் தொடச்சா சரியாகாதா?"

தகடுகளுக்கு இடையே சிவப்பாகத் தூசி அடைத்திருந்தது. வீட்டுக்குள் மிளகாய் வத்தல் குவித்து வைப்பவர்கள். துடைத்தால் போதும் என்று எனக்குத் தெரியும்.

"ஆகாதுண்ணே. அது ஆயுசு முடிஞ்சு போச்சு" என்றேன்.

பழசை என்னிடமே விட்டுவிட்டு, விலை கூடியதையே வாங்கிப் போனார். அவர் தலை மறைந்ததும் பழசைப் பிரஷ்ஷால் தட்டினேன். நாலு தும்மல் போட்டேன். அது சத்தமில்லாமல் சுற்றியது.

மறுவாரம் ஒரு பை வத்தலோடு வந்து நின்றார்.

"சத்தமே இல்ல தம்பி. நல்லதாப் பாத்துக் குடுத்தீக. இது வீட்டுக்கு."

அவருடைய பழைய ஹீட்சிங்க், விலைச்சீட்டு ஒட்டி, மேசைமேல் இருந்தது. பையை வாங்கி அவசரமாக அதன்மேல் வைத்தேன்.

பையை நீட்டுவதற்கு முன்பே அவர் அந்த ஹீட்சிங்க்கைப் பார்த்துவிட்டாரோ என்று இன்றைக்கும் கூசுகிறது.