சகலையின் குதிரையும் ஆவணி முகூர்த்தமும்

என் சகலை குதிரை வாங்கிய செய்தி, ஜொகூரில் நாங்கள் இருந்த ஆயர் ஈத்தாம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது நான் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம் பார்க்கிறவனுக்கு அது ஒன்றும் கேவலமான வாகனம் இல்லை. அந்த நிமிஷம் வரை எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

சகலை என் மனைவியின் தங்கை புருஷன். பத்து பாகாட் ஊரில் காடு வெட்டும் குத்தகை எடுத்து, ரப்பர் விலை ஏறிய வருஷங்களில் அதோடு சேர்ந்து தானும் ஏறியவர். சிங்கப்பூர்ப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு பெண் குதிரையை, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து வாங்கியிருந்தார். ஓய்ந்த குதிரை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

"ஓடாட்டி என்ன அண்ணே, குட்டி போடும்லா. அத ஓட விடுவோம்" என்று சொல்லி அதையும் பறித்துக்கொண்டார்.

இந்த வெக்கையில் யாரும் பந்தயக் குதிரை வளர்ப்பதில்லை, எல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில்தான் வருகின்றன என்று நான் படித்ததைச் சொன்னேன்.

"நாமளும் கப்பல்லதான் வந்தோம். நம்ம புள்ளைங்க இங்க பொறக்கலையா?" என்றார். படித்தவனுக்கு இந்த மாதிரி பதில்கள் பெரிய இடைஞ்சல்.

குதிரை வந்த பிறகு அந்த வீட்டில் காலை நேரத்தில் யாரையும் வீட்டுக்குள் பார்க்க முடியாது. புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரும் லாயத்தில். ஒருத்தி வாலைச் சீவுவாள். ஒருத்தன் மலாக்கா வெல்லத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டுவான். சகலை அதன் காதுக்குள் ஏதோ சொல்லிச் சிரிப்பார். என் குடும்பம் காலையில் ஒன்றுகூடுவது என் மூக்குக் கண்ணாடியைத் தேடத்தான். அதற்கும் முணுமுணுத்துக்கொண்டுதான் வருவார்கள்.

"அங்க எல்லாரும் எவ்ளோ கலகலன்னு இருக்காங்க, பாத்தீங்களா?" என்றாள் மனைவி, ஒருமுறை திரும்பி வரும் பஸ்ஸில். நான் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்று முதல் எனக்கு ஒரே ஓர் ஆசை. சகலையின் முகம் ஒரு தடவையாவது, என் மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, தொங்க வேண்டும். வேறு கெடுதல் ஒன்றும் வேண்டாம். முகம் மட்டும் போதும்.

ஜொகூர் பாருவில் ஒரு பணக்காரரின் லாயத்தில் நல்ல ஆண் குதிரை ஒன்று இருந்தது. பெண் குதிரையைச் செப்டம்பர் கடைசியில் கொண்டுவரச் சொல்லி அந்த லாயத்து மேஸ்திரி ஆள் அனுப்பினார். கொழுந்தியாள் காலண்டரைப் பார்த்தாள்.

"செப்டம்பர் கடைசின்னா புரட்டாசி. புரட்டாசியில யாராச்சும் கல்யாணம் வைப்பாங்களா?"

"இது கல்யாணமா?" என்றேன்.

"பின்ன என்ன அத்தான், பொண்ண சும்மாவா அனுப்புறது?"

ஏன் செப்டம்பர் கடைசி என்று யாரும் கேட்கவில்லை. ஆடி முழுவதும் பெண்ணை வீட்டிலேயே வைத்திருந்து, ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் நெற்றியில் குங்குமம் வைத்து, கழுத்தில் பூச்சரம் போட்டு லாரியில் ஏற்றினார்கள். கொழுந்தியாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குதிரைக்குக் கர்ப்பம் பதினோரு மாதம். மறுவருஷம் ஜூலை முடியும் தறுவாயில் குட்டி பிறந்தது. ஆண் குட்டி. நான்கு கால்களையும் எங்கெங்கே வைப்பது என்று யோசித்து யோசித்து நின்றது. நான் பார்க்கப் போனபோது அதன் கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு.

"யார் கண்ணும் படக்கூடாதுன்னு வச்சேன்" என்றாள் கொழுந்தியாள், என் கண்ணைப் பார்க்காமல்.

நான் விடைபெற்று வெளியே வந்ததும் உள்ளே மிளகாய் சுற்றிப் போட்டார்கள். திருஷ்டி இருந்தால் மிளகாய் கமறாது என்பார்கள். சாலையில் நின்று மோந்து பார்த்தேன். கொஞ்சம்கூடக் கமறவில்லை.

ஆகஸ்ட் மாதம், தோட்டத்துத் துரை படித்துவிட்டுப் போட்ட இங்கிலீஷ் பத்திரிகையில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நம் பக்கத்துப் பந்தயங்களில் ஆஸ்திரேலியக் கணக்கு. குதிரை எப்போது பிறந்திருந்தாலும் ஆகஸ்ட் முதல் தேதி அதற்கு வயது ஒன்று கூடிவிடும். மேஸ்திரி செப்டம்பர் கடைசி என்று சொன்னது அதற்காகத்தான். குட்டி ஆகஸ்ட் முதல் தேதி தாண்டிப் பிறந்திருக்கும். ஆவணி முகூர்த்தம் பார்த்ததில், தொப்புள் காயும் முன்பே இதற்கு ஒரு வயது முடிந்துவிட்டது. இனி எந்தப் பந்தயத்திலும் தன்னைவிடப் பத்து மாதம் பெரிய குதிரைகளோடுதான் ஓட வேண்டும்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். மறக்காமல் மனைவியையும் அழைத்துக்கொண்டேன்.

நிறுத்தி, நிதானமாக, தேவையான இடங்களில் பெருமூச்சு விட்டுச் சொன்னேன். சகலையின் முகம் மெல்ல இறங்க ஆரம்பித்தது. நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன், பார்க்கிறாளா என்று.

"ஐயையோ, அப்ப மொத பொறந்தநாள விட்டுட்டோமா?" என்றாள் கொழுந்தியாள்.

இறங்கிய முகம் பாதி வழியில் நின்றது. அன்று மாலை பாயசம் வைத்தார்கள். எனக்கு இரண்டு டம்ளர், செய்தி கொண்டுவந்ததற்காக.

கணக்குப்படி மூன்று வயதும் உண்மையில் இரண்டு வயதுமாக குட்டிப் பயல் முதல் பந்தயம் ஓடினான். இரண்டு வாடகை மோட்டாரில், கடல்மேல் புதிதாகத் திறந்த பாலத்தைக் கடந்து, புளிச்சோற்றுப் பொட்டலங்களோடு எல்லாரும் சிங்கப்பூர் போனோம். எட்டுக் குதிரைகளில் எட்டாவதாக வந்தான். ஏழாவதற்கும் அவனுக்கும் நடுவே ஒரு கல்யாண ஊர்வலம் போயிருக்கலாம்.

"மத்ததெல்லாம் கும்பலா போயிருச்சு, ஒண்ணும் தெரியல" என்றார் சகலை, கண் கலங்க. "நம்ம ஆளு தனியா வந்தான். எவ்ளோ நல்லா பாத்தோம்லா."

பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "அண்ணே, அவ்ளோ அக்கறையா தேதி பாத்து, பஸ் ஏறி வந்து சொன்னீங்க. இவன்ல உங்களுக்குக் கால் பங்கு."

"எந்தக் கால்?" என்றேன், கிண்டலாக.

"முன்னங்கால்" என்றாள் என் மனைவி, பட்டென்று. பேரம் முடிந்துவிட்டது.

அடுத்த பந்தயத்துக்கு நான் உடைமைக்காரனாகப் போனேன். பந்தயப் பக்கங்களை எல்லாம் கரைத்துக் குடித்திருந்தேன். எந்த வளைவில் உள்ளே ஒதுங்க வேண்டும் என்று ஜாக்கியிடம் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஏழாவதாக வந்தான். சகலையின் குடும்பம் குதித்தது, ஒருத்தனை ஜெயித்துவிட்டானாம். நான் கம்பியைப் பிடித்தபடி அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஏழாவது போதாது, அவன் ஜெயித்திருக்க வேண்டும்.

"ஏங்க, நல்ல நாளும் அதுவுமா ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் மனைவி. "அங்க தம்பியப் பாருங்க."

பார்த்தேன். சகலை குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், என் பிள்ளைகளும் சேர்த்து. அந்த முகத்தை எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.