சுவருக்கு இருபுறமும் போன்

காலை ஆறரைக்கு ஆற்காட்டில் பஸ் ஏறினேன். எட்டு மணிக்குக் காஞ்சிபுரம். பிள்ளையார்பாளையம் போக ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

"கிளீனரா இருந்து ஆறு லாரி வாங்கினவன்கிட்டயே இந்த ரேட்டா?" என்றேன்.

"அப்ப எறநூறா குடு பெரியவரே!" என்றார். நூறு ரூபாய்க்கு முடித்தேன்.

தேங்கிய வழக்குகளைக் குறைக்க, இரு தரப்பையும் செல்போனில் கூப்பிட்டுச் சமரசம் பேசும் திட்டம் வந்திருக்கிறது. அது நடக்கிற காரியமா என்று எங்கள் கடைத்தெருவில் ஓயாத வாதம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் நேரில் பார்க்காமல் எதற்கும் தீர்ப்புச் சொன்னதில்லை. என் தங்கை வள்ளியின் வழக்கு அன்று போனில் வருவதால் நானே கிளம்பிவிட்டேன்.

வள்ளியின் கணவர் காலமான பிறகு, பக்கத்து வீட்டுக் கொழுந்தன் ஏகாம்பரம் பொதுக் கொல்லையின் நடுவே சுவர் எழுப்பிவிட்டான். தறியில் ஏற்றும் பட்டு நெடுக்கிழைகளான பாவு, அதை நீட்டி இழை சரிபார்க்க அவளுக்கு இடமில்லை. பாவு ஏறாவிட்டால் தறி இல்லை. தறி இல்லாவிட்டால் சோறு இல்லை. வள்ளி வழக்குப் போட்டாள். வருடக்கணக்காக வாய்தா. வாய்தா நாளெல்லாம் தறியும் நிற்கும்.

பத்து மணிக்குச் சமரசம் பேசும் வக்கீலம்மா போனில் வந்தார். தங்கைக்காக நான் வாங்கிப்போன பெரிய ஸ்பீக்கரை வைத்தேன். வள்ளி வாயைத் திறந்ததும் வீடே ஊளையிட்டது. ஸ்பீக்கரை அணைத்தும் பயனில்லை. ஏகாம்பரத்தின் குரல் முதலில் சுவர் வழியாக வந்தது, பிறகு போன் வழியாக.

"இவன் பேசறத ஒரு தபா கேக்கறதே பெரும்பாடு. ரெண்டு தபாவா?" என்றாள் வள்ளி.

"எனக்கும் கேக்குது அண்ணி!" என்று சுவருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

"இப்படியே போனா வேற தேதிதான் குடுக்கணும்" என்றார் வக்கீலம்மா.

தேதி என்றதும் வள்ளியின் முகம் செத்துப்போயிற்று. நான் எழுந்தேன். "ஒரு போனே போதும்மா" என்று அவளைக் கையோடு பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போய், ஏகாம்பரத்தின் அருகில் உட்காரவைத்தேன்.

"இன்னாத்துக்குடா சுவரு?" என்று கேட்டாள் வள்ளி.

"நீங்க பாவு நீட்டிக்கினு இருந்தா வண்டிய எப்பிடி எடுப்பேன்? ஏழு மணிக்கு ரோட்டுல போயி கம்பெனி பஸ்ஸப் புடிக்கணும். எத்தினி நாளு விட்டிருக்கேன் தெரியுமா?"

"இத அப்பவே சொல்லக்கூடாது? விடியறதுக்குள்ளயே நீட்டி முடிச்சிருப்பனே!"

"என் வக்கீல் நோட்டீஸ்ல எழுதியிருந்துச்சே அண்ணி."

"அதுல இடையூறுன்னுதான்டா இருந்துச்சு! எனக்கு இன்னா தெரியும்?"

வக்கீலம்மா சிரித்துவிட்டார். ஆறரை மணிக்குள் பாவு வேலை முடியவேண்டும், சுவரில் வழி விடவேண்டும் என்று பேசி முடித்தார். அன்று மாலையே கொத்தனார் வந்துவிட்டார். கூலி நான் கொடுத்தேன்.

இரவு தங்கினேன். விடியற்காலையில் பாவு அந்தத் திறப்பின் வழியாக நீண்டு, ஏகாம்பரத்தின் வண்டி வரை போனது. அவன் வண்டியைத் தானே ஓரமாகத் தள்ளிவிட்டு என்னிடம் வந்தான்.

"மச்சான், கையெழுத்து போட கோர்ட்டுல இன்னும் தேதி குடுக்கல. அதுக்குள்ள சுவர இடிச்சு வழி விட்டுட்டமே, தப்பாவுமா?"

"இருக்கிற சுவருக்குத்தான்பா வழக்கு, இடிச்ச வழிக்கு இல்ல" என்றேன்.

ஆற்காட்டில் யார் கேட்டாலும் இந்தத் திட்டம் நடக்கும் என்றே சொல்வேன். கடைசிக் கையெழுத்துக்கும் தேதிக்குக் காத்திருக்க வேண்டியிருப்பது ஒரு குறைதான். ஆனால் நான் பஸ் ஏறும்போது வள்ளியின் தறியில் பாவு ஏறிவிட்டது.