இடைவேளையோடு முடிந்த படம்

தின்னர் வாசனை முதலில் மூக்கில் இனிப்பாக ஏறும். பிறகு தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு காந்தும். கடலூர் முதுநகரில் படகுகளுக்குப் பெயிண்ட் விற்கும் கடை வைத்திருந்த என் தாய்மாமா, சிதம்பரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவருக்கு முன்னால் அந்த வாசனை உள்ளே வந்துவிடும். நான் முதலில் அவர் கையிலிருக்கும் பக்கோடா பொட்டலத்தைப் பார்ப்பேன், அடுத்து எந்தப் படத்தைப் பாஸ் பண்ணியிருக்கிறார் என்று கேட்பேன்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் படமானாலும் மாமா முதலில் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். புதுப்படங்கள் எங்கள் ஊருக்கு முன்பே கடலூருக்கு வந்துவிடும், மாமாவும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவார். பார்த்த கையோடு எங்கள் பக்கத்து வீட்டுப் பிலோமினா டீச்சரின் போனுக்கு அழைத்து, அம்மாவைக் கூப்பிடச் சொல்லித் தீர்ப்பு வழங்குவார். "குடும்பத்தோட பாக்கலாம்" என்றால் ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாம். "ஆம்பளைங்க மட்டும்" என்றால் அப்பாவும் போகமுடியாது, போனில் அந்தத் தீர்ப்பைக் கேட்டது அம்மா ஆயிற்றே. இதற்கு எங்கள் தெருவில் "மாமா பாஸ்" என்றே பெயர். டீச்சர் வீட்டிலும் அதை வைத்துத்தான் படத்துக்குப் போனார்கள்.

நான் ஐந்தாவது படித்த அந்த வருடம், என் அண்ணன் கதிர் பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்பதால் கறுப்பு அங்கி போட்டு அவன் எடுத்துக்கொண்ட படத்தை அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள். அதெல்லாம் முதல் மாதத்தோடு சரி. அதன் பிறகு வீட்டில் அவனுக்கென்று ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டது, "சும்மாதான இருக்க." சும்மாதான இருக்க, ரேஷனுக்குப் போயிட்டு வா. சும்மாதான இருக்க, கேஸ் சொல்லிட்டு வா. சும்மாதான இருக்க, இவளுக்கு வகுத்தல் சொல்லிக் குடு. நானே ஒருநாள் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி அதே வார்த்தையைச் சொன்னேன், யாரும் என்னைத் திட்டவில்லை.

எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளவாக்கில் இருக்கும். முன்கட்டிலிருந்து அடுப்படிக்குப் போகிறவர்கள் நடுஅறையைத் தாண்டித்தான் போகவேண்டும், அண்ணன் இருந்தது அந்த நடுஅறையில். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. யார் வந்தாலும் அவனைத் தாண்டிப் போவார்கள், தாண்டும்போது "இன்னாப்பா, இப்ப இன்னா பண்ற" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கொல்லைப்பக்கமாக வெளியே போய்விடுவான். கடைசியில் கொல்லைப்பக்கத்து வீட்டுக்காரரும் அதையே கேட்கத் தொடங்கினார்.

அவனோடு படித்த மூன்று பேர் சென்னையில் அறை எடுத்துத் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். இவனையும் வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். நெல் மில்லில் மேஸ்திரியாக இருந்த அப்பாவுக்கு அதில் பயம். மாமாவுக்கோ பிள்ளைகள் இல்லை, கடையில் நம்பிக்கையாக உட்கார ஓர் ஆள் வேண்டியிருந்தது. "கதிர அனுப்புங்க மாப்ள, நாளக்கி கடையே அவனுக்குத்தான்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போவார். அப்பா தலையாட்டமாட்டார், மறுக்கவும் மாட்டார். முடிவு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் நடுஅறையில் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தான்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. கல்லூரி முடித்த நான்கு பையன்கள் சென்னைக்குப் போய் மொட்டைமாடி அறையில் அல்லாடுகிற சிரிப்புப்படம். எங்கள் வீட்டு வரலாற்றிலேயே முதல்முறையாக அண்ணன் மாமாவை முந்திக்கொண்டு அதைப் பார்த்துவிட்டான். பார்த்ததோடு நிற்காமல், கடைக்கே போய் மாமாவை நச்சரித்துப் பார்க்கவைத்து, பாஸும் வாங்கிவிட்டான். போனில் மாமா சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கே கேட்டது. "வயிறு வலிக்கிதும்மா. எல்லாரும் கெளம்பி வாங்க. கதிரு உங்க மூணு பேரையும் கண்டிப்பா அழச்சிகிட்டு வரணும்னு ஒத்த கால்ல நிக்கிறான்."

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குக் கடலூருக்கு பஸ் ஏறினோம். பல மாதங்களுக்குப் பிறகு அண்ணன் சவரம் செய்திருந்தான். தியேட்டரில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அவன், அம்மாவுக்கு இந்தப்பக்கம் நான். படம் தொடங்கியதும் கூரை அதிர்ந்தது. நான்கு பேருக்கும் ஒரே ஒரு நல்ல சட்டை, அதை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரே கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குப் போகிறார்கள். முன்பின் தெரியாத கல்யாணத்தில் பந்திக்கு உட்கார்ந்து மாப்பிள்ளையிடமே மாட்டிக்கொள்கிறார்கள். நான் நாற்காலியில் ஏறி நின்று சிரித்தேன். அண்ணன் திரையைப் பார்க்கவேயில்லை, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவோ கையைக் கட்டிக்கொண்டு, டாக்டர் சொல்வதைக் கேட்பவர் மாதிரி படம் பார்த்தார்.

ஒருவன் பொதுத் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசுகிற காட்சி. எதிரே ஹோட்டலில் தோசை வார்ப்பதைப் பார்த்துக்கொண்டே, "சாப்ட்டேம்மா, ரெண்டு தோச, கெட்டிச் சட்னி" என்று அவன் எச்சில் விழுங்குவான். மொத்தத் தியேட்டரும் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா அம்மாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், முடிவு அங்கேயே ஆகிவிட்டது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

நான்கு பேரில் ஒருவன் இனி தாங்காது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுகிறான். இடைவேளை. விளக்குகள் எரிந்தன, முறுக்குக்காரர் உள்ளே வந்தார். அப்பா எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"வாங்க போவலாம்."

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. "அப்பா, இன்டர்வல் தாம்ப்பா."

"தெரிதுடா. நாலு பேர்ல ஒருத்தனுக்காவது புத்தி வந்து வீட்டுக்குப் போறான். அதுவே போதும்."

"இதுக்கு அப்புறந்தாம்ப்பா கதையே இருக்கு. கொஞ்ச நேரம் உக்காருங்க. அந்தப் பையன் ஊருக்குப் போனப்பறம் என்ன ஆவறான்னு பாருங்க. எனக்காக உக்காருங்கப்பா."

"அதெல்லாம் சினிமாவுக்காக எடுக்கறது. இதுவரைக்கும் பாத்தியே, அதான் நெசம்."

அப்பா கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். வரிசையில் இருந்தவர்கள் எங்களுக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார்கள். முறுக்கு வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன், அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அண்ணன் கடைசியாக எழுந்து வந்தான்.

தியேட்டரிலிருந்து மாமா கடை கூப்பிடு தூரம். எங்களைப் பார்த்ததும் மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னா மாப்ள, அதுக்குள்ள படம் முடிஞ்சிடுச்சா?"

"எங்களுக்கு முடிஞ்சிடுச்சி மச்சான். கதிரு நாளைலேர்ந்து கடக்கி வருவான்."

மாமா எல்லோருக்கும் கலர் வாங்கிக்கொடுத்தார். அண்ணன் மட்டும் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பு.முட்லூர் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

அந்தப் படம் எங்கள் தெருவை இரண்டாக்கிவிட்டது. மகன் பெங்களூரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிலோமினா டீச்சர், "கஷ்டப்பட்டாதான் மேல வரமுடியும்னு எவ்வளவு அழகா காட்டிருக்கான்" என்று பள்ளிக்கூடத்திலேயே பேசினார். மகனும் மருமகனும் வேலையில்லாமல் இருந்த மாவுமில் செல்வராசு, "படிச்சவன் பட்டினி கெடக்கறது இவனுங்களுக்குச் சிரிப்பா இருக்கா" என்று மில்லுக்கு வந்தவர்களிடமெல்லாம் சண்டை பிடித்தார். அப்பாவிடம் கேட்டபோது, "நல்ல படம்" என்றார். பாதியில் எழுந்து வந்ததைச் சொல்லவில்லை. அம்மா அந்தப் பேச்சே எடுக்கவில்லை. யார் வீட்டில் யார் சும்மா இருக்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும், அவர்களுக்குப் படம் பிடித்ததா இல்லையா என்று கேட்கவே வேண்டாம்.

படம் பார்த்த மறுநாள் முதல் அண்ணன் கடலூருக்கு பஸ் ஏறினான். "இன்னா பண்ற" என்று யாரும் கேட்கவில்லை, அதில் அம்மாவுக்கு நிம்மதி. அந்த நிம்மதியில்தான் அவள் அங்கிப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாமா அதைப் பெருமையாகக் கல்லாப்பெட்டிக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, ஒரு முழம் பூவும் வைத்தார். அண்ணன் பெயிண்ட் டின்மேல் ஏறி அதைக் கழற்றிப் பழைய சாக்கில் சுற்றிக் கட்டினான். "இன்னொரு தடவ இத யாராவது மாட்டுனீங்க, நான் கடக்கி வரமாட்டேன்" என்று கத்தினான். அவன் கத்தி நாங்கள் கேட்டது அந்த ஒருமுறைதான். அவன் ஏன் அப்படிக் கத்தினான் என்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. பெற்றவள் ஆசையாகச் செய்ததை இப்படியா அவமதிப்பது என்று அம்மா நெடுநாள் மனத்தாங்கலோடு இருந்தாள்.

இப்போது அப்பா இல்லை, மாமா இல்லை. முதுநகர் தியேட்டர் சிமென்ட் குடோன் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் யாருடைய பாஸுக்கும் காத்திருப்பதில்லை, அவரவர் போனில் அவரவர் படம். கடை அண்ணனுடையது. கடைக்கு மேலேயே வீடு. கல்லூரி முடித்த மறுவாரமே தன் மகனைப் பெங்களூருக்கு பஸ் ஏற்றிவிட்டார் அண்ணன். "நான் ஊர்லயே ஏதாவது பண்றேன்ப்பா" என்று அவன் சொன்னதைக் காதில் வாங்கவேயில்லை என்று அண்ணி இன்னமும் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தபோது டிவியில் அந்தப் படம் ஓடியது. சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும்போது இடைவேளை தாண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் நான் பார்த்தேயிராத பாதி. ஊருக்குத் திரும்பிய பையன் தன் மாமாவின் மளிகைக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். அங்கி போட்ட அவனுடைய படம் கல்லாவுக்கு மேலே, மாலையோடு தொங்குகிறது. வெல்லம் வாங்க வந்த ஒரு பெரியவர் அந்தப் படத்தைப் பார்த்துக் கைகூப்பி, உச்சுக்கொட்டி, "பாவம், சின்ன வயசு. எப்ப தவறுனாப்ல" என்று கேட்கிறார். பையன் படத்தையும் அவரையும் பார்த்துவிட்டு, "கால் கிலோ போதுங்களா" என்கிறான்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் சாக்கில் சுற்றிய அந்தச் சட்டம் நினைவுக்கு வந்தது. முழுப்படமும் பார்த்துச் சிரித்த மாமாவுக்கே அன்றைக்கு இது உறைக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் டிவியைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அப்பாவைப் பார்த்த மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயே சிரிச்சிட்ட பாரு. அப்பாவும் சிரிச்சிருப்பாரு. அந்த ஒரு சீனுக்குத்தான் அவர உக்கார சொன்னேன். ஒரு தடவ சிரிச்சிருந்தாருன்னா, போடான்னு விட்டிருப்பாரு" என்றார்.

கீழே யாரோ கடையின் ஷட்டரைத் தட்டி, பச்சை பெயிண்ட் இருக்கிறதா என்று கேட்டார்கள். "வரேன், வரேன், சும்மாதான் இருக்கேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே அண்ணன் சட்டையை எடுத்து மாட்டினார். அறை முழுக்கத் தின்னர் வாசனை அடித்தது.