கோஷர் நண்பனுடன் உடுவிலில் ஒரு வெள்ளிக்கிழமை

பெப்ரவரியில் கூரைகளில் சோலார் தகடு பூட்டும் வேலைக்காக யாழ்ப்பாணம் போனோம். கூட வந்த டானியல் யூதன். கோஷர் விதிப்படிதான் சாப்பிடுவான். பன்றி, றால், நண்டு கிடையாது. அவை வெந்த பானையில் பிறகு வெந்ததும் கிடையாது. வெள்ளி பொழுதுபட்டால் சனி இருட்டும்வரை அடுப்பு மூட்டக் கூடாது. அதற்காக அவன் கட்டிவைத்த சாப்பாட்டுப் பையைக் கொழும்பு விடுதிக் குளிர்ப்பெட்டியில் மறந்துவிட்டு வந்தவன் நான்.

மதியம் ஒரு மணிக்கு ரயிலால் இறங்கினோம். உடுவிலுக்கு ஏழு கிலோமீற்றர், ஆட்டோ 900 ரூபாய். காலையிலிருந்து அவன் சாப்பிட்டது நாலு வாழைப்பழம். சைவச் சாப்பாடு என்றால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். தீராது. பானையையும் பார்க்க வேண்டும், அடுப்பையும் அவனே மூட்ட வேண்டும்.

அறை தந்த சரோ அக்கா கவலைப்படவில்லை. "எங்கடை வீட்டிலை மீன், இறைச்சிக்குச் சட்டி வேறை, மரக்கறிக்கு வேறை. வெள்ளிக்கிழமை மற்றதைத் தொடவே மாட்டன்."

மொழிபெயர்த்தேன். தங்கள் வீட்டிலும் பாலுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று என்றான் டானியல்.

"அப்ப உவர் எங்கடை ஆள்தான்," என்று சிரித்தார் அக்கா.

ஆறு மணிக்குள் சமையல் முடியவேண்டும். 5.05க்கு அவனே விறகடுப்பை மூட்டினான். 5.35க்கு அக்கா சோறு வடித்தபடியே மச்சாளைத் திட்டத் தொடங்கினார். "போன மாசம் இந்தப் பானையைக் கொண்டுபோய் றால் காய்ச்சிப்போட்டாள், நாசமறுவாள். சாம்பல் போட்டு மூண்டுதரம் மினுக்கினனான். இப்ப சுத்தம்."

என்ன சொல்கிறார் என்று கேட்டான் டானியல்.

பானை சுத்தமாம் என்றேன். கடைசி வசனம் மட்டும். அவன் கைகழுவப் போனான்.

"தம்பி, றாலைச் சொன்னனீரோ?"

"ஓம் அக்கா."

"பொய். பிறோன் எண்ட இங்கிலீசுச் சொல் எனக்கும் தெரியும். நீர் சொல்லேல்லை."

"அந்தாள் ரெண்டு நாள் பட்டினி கிடக்கோணுமே? விடுங்கோ."

"என்ரை சாமிக்குச் சாம்பல் போதும். அவரின்ரை சாமிக்குக் காணுமோ எண்டு அவரெல்லோ சொல்லோணும்."

அவனுக்குப் போட்ட சோற்றுத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார் அக்கா. அவன் திரும்பி வந்ததும் றால் கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. டானியல் திட்டவில்லை, மணிக்கூட்டைப் பார்த்தான். 5.42.

பானை இல்லாமல் எது வேகும்? அக்காதான் வத்தாளங்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சின்னதாக ஏழு, அள்ளிவந்தார். டானியல் மூட்டிய அதே நெருப்பில், தணலுக்குள் நேரே புதைத்தோம். ஒரு நிமிடத்துக்கு ஒருதரம் ஈர்க்கால் குத்தினேன். "குத்திக்கொண்டே இருந்தா வேகுமே?" என்றார் அக்கா. 5.59க்கு ஈர்க்கு இறங்கியது.

இப்படியான நண்பருடன் போகிறவர்கள் ஒரு புதுப் பானை, ஒரு கரண்டி, ஒரு கத்தி கையோடு கொண்டுபோங்கள். வெள்ளி மதியத்துக்குள் இடம் சேருங்கள். மொழிபெயர்க்கிறவர் கேட்டது முழுவதையும் சொல்லட்டும். எது முக்கியம் என்று தீர்மானிப்பது அவர் வேலை அல்ல.

சனிக்கிழமை டானியல் ஆறிப்போன கிழங்கைச் சாப்பிட்டான், நான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமாம் என்று அக்கா சொன்னதைச் சொன்னேன். அவன் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அவர் சொன்னது அவ்வளவுதானா?"