பரீட்சை எழுதாதவள்

பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் நாற்பது வருஷம் கழித்துக் கூடப்போகிறோம் என்றபோது நான் ஒன்றும் துள்ளிக் குதிக்கவில்லை. நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். கடையை ஒரு நாள் மூடினால் மூன்று பேர் வந்து திட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் இறந்துபோன சக மாணவர்களின் பெயர்களை வாசித்து ஒரு நிமிஷம் எழுந்து நிற்போம் என்று செய்தி வந்தது. அதற்காகவாவது போகலாம் என்றிருந்தேன். பிறகு பட்டியல் வந்தது. ஒன்பது பெயர்கள். மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். என் மனைவியின் பெயர் இல்லை.

பட்டியல் போட்டவன் யார் தெரியுமா? அவள் அண்ணன். அண்ணன் என்றால் பத்து நிமிஷத்து அண்ணன். இரட்டைப் பிள்ளைகள். நாங்கள் மூவரும் ஒரே வகுப்பு. உடனே போன் போட்டேன்.

"மச்சான், லிஸ்ட்ல ஒரு பேரு விட்டுப்போச்சு."

"விடலடா. பரீட்சை எழுதுனவங்க நம்பர வச்சுத்தான் போட்டோம். அவ எழுதலையே. அவளச் சேத்தா நடுவுல நின்ன எல்லாரையும் சேக்கணும். கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க."

"கமிட்டியில யாரு?"

"நான்... இன்னும் ரெண்டு பேரு."

போனை வைத்துவிட்டேன். நடுவில் நின்றவளாம்! ஏன் நின்றாள் என்று இவனுக்குத் தெரியாதா?

வகுப்பில் அவள்தான் முதல். நானும் அவனும் கடைசி பெஞ்சு. பொதுத்தேர்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது அவர்கள் அம்மா இறந்துபோனார். கீழே இரண்டு தங்கைகள், கடைக்குட்டிக்கு மூன்று வயது. அப்பா லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். இரட்டையரில் ஒருவர் வீட்டோடு இருந்தாக வேண்டும் என்றார். யார் இருப்பது என்ற பேச்சே எழவில்லை. முதல் மதிப்பெண் எடுப்பவள் அடுப்படிக்குப் போனாள். முட்டை வாங்குகிறவன் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தான். இது என்ன நியாயம் என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவன் பையை எறிந்ததும் அவள் அதைப் பிரித்துப் படிப்பாள். கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டே அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். எனக்கும் கணக்கு வராது என்று சொல்லிக்கொண்டு நானும் போய் உட்கார்ந்தேன். கணக்கு வராதது உண்மைதான். ஆனால் நான் போனது கணக்குக்காக இல்லை. அதை அவள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். "உங்களுக்கு நோட்டப் பாக்கவே தெரியலையே" என்று ஒரு நாள் சிரித்தாள். அவ்வளவுதான், நான் தொலைந்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் தேறினோம். அவன் மேலே படித்து பேங்க் மேனேஜர் ஆனான். தங்கைகளைக் கொஞ்சம் வளர்த்துவிட்ட பிறகு, ஏழு வருஷம் கழித்து, அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். ரத்தக்கறைத் துணியை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் ஊறப்போட வேண்டும், வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். ஆபரேஷன் துணியை எப்படி மடித்தால் நடுவில் கை படாமல் விரிக்கலாம் என்பதெல்லாம் புதிதாக வரும் பெண்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். மேற்பார்வையாளர் வேலை மூன்று தடவை காலியானது. மூன்று தடவையும் அவளிடம் வேலை பழகிய ஒரு பெண்ணே அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இவளிடம் பள்ளிச் சான்றிதழ் இல்லையே! நான் ஆபீசுக்கே போய்க் கத்தினேன். வாட்ச்மேன் என்னை வெளியே கொண்டுவந்து விட்டார்.

போன வருஷம் அதே ஆஸ்பத்திரியில் படுத்தாள். நுரையீரல். கடைசி நாளுக்கு முந்தின நாள் படுக்கை விரிப்பைத் தடவிப் பார்த்து, "வெந்நீர்ல போட்டிருக்காங்க, கறை அப்படியே நிக்குது பாருங்க" என்று குறைப்பட்டாள். அந்த வார்டில் அவள் கை படாத துணி இருந்திருக்குமா? அவளுக்கு ஒரு நிமிஷம் எழுந்து நிற்க இவர்களுக்குக் கால் வலிக்கிறதாம்.

கூட்டத்துக்கு முதல் நாள் நேராக அவன் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னான். உட்காரவில்லை.

"அவ பேர வாசிப்பியா, மாட்டியா?"

கதவைச் சாத்திவிட்டு வந்தான். "மெதுவா பேசு. வாசிச்சா, அவ ஏன் படிப்பப் பாதியில விட்டான்னு கேப்பாங்க. அவளுக்குப் படிப்பு ஏறலன்னுதான் எம் பொண்டாட்டி புள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"படிப்பு ஏறலையா? அவளுக்கா? உனக்கு வெக்கமா இல்ல? அவ போட்ட பிச்சைடா உன் மேனேஜர் வேலை!"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சரி, என்னை ஏசு. கல்யாணமாகி மூணாம் வருஷம் தனியா பரீட்சை எழுதறேன்னு ஃபார்ம் வாங்கிட்டு வந்தா, ஞாபகம் இருக்கா? 'அவரு வேணாங்கிறாரு, நீ ஒரு வார்த்தை சொல்லுண்ணா'ன்னு இங்க வந்து நின்னா. எனக்கு எதுக்கு வம்புன்னு நான் வாயத் தொறக்கல. ஆனா வேணாம்னது யாருடா?"

ஞாபகம் இருந்தது. குழந்தையை யார் பார்ப்பது, இனிமேல் படித்து எந்த ராஜ்ஜியத்தை ஆளப்போகிறாய் என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். அவள் இன்னும் கொஞ்சம் பரிமாறிவிட்டு உள்ளே போனாள். அந்த விண்ணப்பத்தை அலமாரித் தட்டில் காகிதமாக விரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. கேட்காததால் மறந்துவிட்டாள் என்று நானே வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி ஆபீசில் போய்க் கத்தினவனும் நான்தானே. அவன் மேல் பாய்ந்த கோபம் போக இடமில்லாமல் எனக்குள்ளேயே நின்றது. இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் போனேன். அவன் ஒன்பது பெயர்களை வாசித்தான். வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்தான். நான் எழுந்து நாற்காலிகளுக்கு நடுவே இருந்த வழியில் போய் நின்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சண்டை வரும் என்று நினைத்திருப்பார்கள். அவன் மேடையிலிருந்து இறங்கி வந்து மைக்கை என் கையில் கொடுத்தான்.

"இன்னொரு பேரு இருக்கு," என்றேன். "நம்ம கிளாஸ்ல முதல் மார்க் எடுத்தவ. எங்க ரெண்டு பேரையும் கணக்குல பாஸ் பண்ண வச்சவ. அவ பரீட்சை எழுதல. எழுத விடல. விடாதவங்க மூணு பேரு. அவங்கப்பா போயிட்டாரு. இன்னொருத்தன் இப்ப மைக்கக் குடுத்தான். மூணாவது ஆள்தான் பேசிட்டிருக்கேன்."

பிறகு அவள் பெயரைச் சொன்னேன்.